முறுக்கும் எதிர்முறுக்கும்

அந்தமான் படாக் பலகையை முதன்முதலாக இழைக்கிற ஆசாரி அதைப் புகழமாட்டார், திட்டுவார். இழைப்புளியை ஒரு திசையில் தள்ளினால் ஒரு விரல் அகலத்துக்குச் சுகமாகச் சீவிக்கொண்டு போகும். அதை ஒட்டியே அடுத்த விரல் அகலத்தில் நார் பிய்ந்து பிசிறு கிளம்பும். சரி, எதிர்ப்பக்கமிருந்து இழைப்போம் என்று பலகையைத் திருப்பிப் போட்டால், பிசிறு இருந்த இடம் வழவழப்பாகும், வழவழப்பாக இருந்த இடம் பிய்யும். எந்தப் பக்கம் போனாலும் பாதிப் பலகை எதிர்க்கும். கடைசியில் தகட்டைத் தீட்டித் தீட்டி, மயிரிழை அளவுக்கு மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்துத்தான் வேலையை முடிக்க வேண்டியிருக்கும்.

பாலிஷ் ஏறிய பிறகு அதே பலகையை வெளிச்சத்தில் வைத்துச் சற்றே சாய்த்துப் பாருங்கள். நீளவாக்கில் பட்டை பட்டையாக, ஒன்று மினுங்கும், அடுத்தது மங்கிக் கிடக்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் மினுங்கியது மங்கும், மங்கியது மினுங்கும். இழைக்கும்போது முரண்டு பிடித்த அதே பட்டைகள்தான் இவை.

கிடார் செய்பவர்கள் இந்த ரேகைக்கும், இதன் உறவுக்காரர்களான புலிவரி, பறவைக்கண் போன்றவற்றுக்கும் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். கிடாரின் முதுகுப் பலகையில் இப்படி ரேகை வந்தால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கழுத்தில் வந்தால்தான் பஞ்சாயத்து. இரும்புக் கம்பி பூட்டிய அக்கூஸ்டிக் கிடாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ எழுபது கிலோ இழுவையைக் கொடுக்கின்றன. ஆளின் எடை என்று சொல்லலாம். அந்த இழுவையை இரவு பகலாகத் தாங்கி நிற்பது இரண்டு விரல்கடை கனம்கூட இல்லாத ஒரு கட்டை. அந்த இடத்துக்கு அழகு பார்த்து மரம் எடுக்கலாமா? இந்த வழக்கு பழையது. அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு போனால் அது போர்ட் பிளேயர் துறைமுகத்தின் வடகரையில், பாம்பூஃப்ளாட்டில் போய் நிற்கிறது.

போர்ட் பிளேயருக்கு 2024-இலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஊரிலிருந்து ஒரு சிறிய பாலம் தாண்டினால் சாத்தம் தீவு. சாத்தத்தில் ஃபெர்ரி ஏறினால் பாம்பூஃப்ளாட் சில நிமிடங்கள்தான். பஸ்ஸில் போவதென்றால் துறைமுகத்தின் வளைவையெல்லாம் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதால் ஸ்கூட்டர், கார், காய்கறிக் கூடை எல்லாமே ஃபெர்ரியில்தான் ஏறும். கரைக்குப் பின்னால் உயர்ந்து நிற்பது ஹாரியட் மலை, இப்போது மணிப்பூர் மலை. அதன் அடிவாரத்து ஹோப் டவுன் படகுத்துறையில்தான் 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபுவை ஷேர் அலி என்ற கைதி கத்தியால் குத்திக் கொன்றார். வரலாற்றுப் புத்தகங்களில் இந்தக் கரைக்கு இடம் கிடைத்தது அதனால். மரத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கரை ப்ளைவுட் ஆலை இருந்த ஊர். எதிர்க்கரையான சாத்தம், ரம்பத்தின் ஊர். இடையில் கொஞ்சம் கடல்.

அந்தமான் படாக் அந்தத் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். தாவரவியலில் டெரோகார்பஸ் டால்பெர்ஜியாய்டஸ். யூனியன் பிரதேசத்தின் மாநில மரமும் அதுதான். தமிழ் வாசகருக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல: நம் குறிஞ்சி நிலத்து வேங்கையும், சேஷாசலம் மலைச் செம்மரமும் இதே டெரோகார்பஸ் பேரினம். மூன்றுக்கும் நடுவில் விதையும் சுற்றிலும் சிறகுமாகத் தட்டையான காய், வெட்டினால் கசியும் சிவந்த பிசின், வைரம் பாய்ந்த கட்டை. படாக்கின் வைரம் மரத்துக்கு மரம் மாறும். சிலது மஞ்சள் கலந்த சிவப்பு, சிலது ரத்தச் சிவப்பு, சிலதில் கருஞ்சிவப்புக் கோடுகள். வெயில் பட்டால் ஆண்டுகள் போகப் போக எல்லாம் பழுப்புக்கு இறங்கிவிடும். புதிதாக அறுத்த படாக்கைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்கள் பத்து வருடம் கழித்து ஏமாந்ததாக நினைப்பதுண்டு. எனக்கு அந்தப் பழுப்பு நிலைதான் பிடிக்கும். சிவப்பு அடங்கினால்தான் ரேகை பேச ஆரம்பிக்கும்.

அந்த ரேகை உண்டாகும் இடம் மரப்பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காகித கனத்தில் இருக்கும் உயிர்ப்படலம், கேம்பியம். மரம் தடிப்பது இங்கேதான். இங்கே உள்ள செல்கள் நீளமானவை, நிமிர்ந்து நிற்பவை. அவை பிரிந்து உட்பக்கம் விடுகிற செல்களே நாராகவும் நீர்க்குழலாகவும் மாறிக் கட்டையாகின்றன. கேம்பியச் செல் நேராக நின்றால் நார் நேராக ஓடும். அது சாய்ந்தால் நாரும் சாய்ந்து தண்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறும். பல மரங்களில் இந்த முறுக்கு ஒரே பக்கமாக இருக்கும். வெயிலில் காய்ந்த தந்திக் கம்பங்களில் வெடிப்பு சுற்றிக்கொண்டு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த ஒருபக்க முறுக்கின் அடையாளம்.

படாக் அப்படிச் செய்வதில்லை. சில ஆண்டுகளுக்கு அதன் கேம்பியம் இடப்பக்கம் சாய்ந்து நார் விடும். பிறகு மெல்ல நிமிர்ந்து, வலப்பக்கம் சாய்ந்து சில ஆண்டுகள். பிறகு மறுபடி இடம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு சுற்று முறுக்கு, அதன்மேல் ஒரு சுற்று எதிர்முறுக்கு என்று கட்டை அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருக்கும். வெப்ப மண்டலக் காடுகளில் பெரிய மரங்கள் பலவற்றுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஆப்பிரிக்க மகாகனிக்கு உண்டு, சப்பேலிக்கு உண்டு. ஏன் இப்படி என்பதற்குத் தாவரவியலாளர்கள் சொல்லும் காரணங்களில் இரண்டு எனக்கு நியாயமாகப் படுகின்றன. சுற்றி ஏறும் நாரில் போனால், ஒரு பக்கத்து வேர் உறிஞ்சிய தண்ணீர் ஒரே பக்கத்துக் கிளைகளுக்கு மட்டும் போய்ச் சேராமல் எல்லாக் கிளைக்கும் பங்காகும். அடுத்தது, ஒன்றையொன்று குறுக்கே பிணைத்துக்கொண்ட நார் அடுக்கைப் புயல் பிளப்பது கடினம். வங்கக் கடலின் நடுவே நிற்கிற மரத்துக்கு இரண்டாவது காரணம் பொருந்தி வருகிறது. நேர் நார்த் தேக்கைக் கோடரியால் பிளந்துவிடலாம். படாக்கைப் பிளக்கப் போனால் கோடரிதான் மாட்டிக்கொள்ளும்.

நார் என்பது நுண்ணிய குழல்களின் கட்டு. குழலின் பக்கவாட்டில் விழுந்த ஒளி பளிச்சென்று திரும்பும். குழலின் வாய்க்குள் போன ஒளி அங்கேயே அடங்கிவிடும். இடச்சாய்வு அடுக்கும் வலச்சாய்வு அடுக்கும் ஒரே பலகைப் பரப்பில் பக்கம் பக்கமாக வெட்டுப்பட்டால், ஒன்றில் குழல்கள் நம்மை நோக்கி வாய் காட்டும், மற்றதில் புறங்காட்டிக்கொண்டு போகும். அதனால்தான் சாய்க்கும்போது பட்டைகள் இடம் மாறி மினுங்குகின்றன. இழைப்புளி ஒன்றில் வழுக்கி மற்றதில் பிய்ப்பதும் அதனாலேயே. ஆகவே இது நிறம் இல்லை. அந்தமானின் இன்னொரு புகழ்பெற்ற மரமான மார்பிள்வுட்டில், அதாவது கருங்காலி வகையான டயோஸ்பைரஸ் மார்மோரேட்டாவில், சாம்பல் பழுப்பில் கறுப்புக் கோடுகள் ஓடும். அது நிறம். எப்படித் திருப்பினாலும் கோடு இருந்த இடத்தில் இருக்கும். படாக்கின் பட்டையோ பார்ப்பவர் நகர்ந்தால் நகரும். சில மரங்களில் நார் பக்கவாட்டுச் சாய்வோடு நிற்காமல் முன்னும் பின்னுமாகவும் நெளிந்து ஓடும். அப்போது நெடும்பட்டைகள் துண்டு துண்டாக உடைந்து, குறுக்கே அலை விழுந்ததுபோல் தெரியும். வயலினின் முதுகில் பார்க்கிற புலிவரி அந்த நெளிவுதான்.

மரத்துக்குள் எல்லாம் இருந்தாலும், ரம்பம் சரியான இடத்தில் விழாவிட்டால் பட்டை வெளியே வராது. மரத்தின் நடுக்குருத்திலிருந்து மரப்பட்டையை நோக்கிப் போகிற வாக்கில், ஆரவாக்கில், அறுத்தால்தான் அடுக்குகள் பக்கம் பக்கமாக விழும். சும்மா மேலிருந்து கீழாகப் பலகை பலகையாக அறுத்தால் ஓரப் பலகைகளில் கோபுர வடிவ வளைகோடுகள்தான் கிடைக்கும். ஆரவாக்கில் அறுப்பது நேரம் பிடிக்கும், கழிவும் அதிகம்.

சாத்தம் மர அறுவை ஆலை 1883-இல் தொடங்கியது. அந்தமானில் வனத்துறை அமைந்ததும் அந்த ஆண்டுதான். 1858-இல் கைதிகள் குடியேற்றம் வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. கட்ட வேண்டிய கட்டடங்களும் விற்க வேண்டிய மரமும் குவிந்திருந்தன. மரம் வெட்டியதும் இழுத்ததும் முதலில் கைதிகள். பிறகு சோட்டா நாக்பூர் பகுதியிலிருந்து ராஞ்சித் தொழிலாளர்கள் வந்தார்கள். 1925-இலிருந்து பர்மாவின் கரேன் மக்கள் நடு அந்தமானில் குடியேறினார்கள். யானைகளும் வந்தன. ஹேவ்லாக் தீவுக் கடலில் நீந்திப் பல படங்களில் வந்து 2016-இல் இறந்துபோன ராஜன், மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்ட யானைதான். யானை இழுத்த மரங்கள் ஓடைக் கழிமுகங்களில் தெப்பமாகக் கட்டப்பட்டு, படகுக்குப் பின்னால் சாத்தத்துக்கு வந்து சேரும். 1942-இல் ஜப்பானிய விமானங்கள் சாத்தத்தின் மேல் குண்டு போட்டன. அந்தப் பள்ளம் இன்றும் ஆலை வளாகத்தில் இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆலை மறுபடி ஓடியது. சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பிய தமிழர்களும் சேர்ந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்களில் ஏறக்குறைய பதினைந்து சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ்.

சாத்தத்து ரம்பம் மரத்தைப் பலகையாக்கியது. பாம்பூஃப்ளாட்டில் நடந்த அந்தமான் டிம்பர் இண்டஸ்ட்ரீஸ் ப்ளைவுட் ஆலை அதே காட்டு மரத்தை வேறு மாதிரி பார்த்தது. குர்ஜன் போன்ற மரங்களை ஆவியில் ஊறவைத்து, லேத்தில் பூட்டிச் சுழலவிட்டு, நீளக் கத்தியை ஒட்டிப் பிடித்தால் மரம் தாளாக உரிந்துகொண்டே வரும். சுற்றுவாக்கில் உரிக்கிற இந்த முறையில் ஒரு அடுக்கை விட்டு அடுத்த அடுக்குக்கு மெதுவாகத்தான் கத்தி போகும் என்பதால் ஆரவாக்கு முகம் என்று ஒன்றே கிடையாது. பட்டை ரேகை எவ்வளவு இருந்தாலும் அப்படியே கரைந்துபோகும். படாக்கை இப்படி உரிப்பது பாவம் என்றுகூடச் சொல்வேன்; நல்லவேளையாகப் ப்ளைவுட்டுக்கு அது முதல் விருப்பமாக இருந்ததில்லை.

உரித்த தாள்களை வைத்து ஆலை செய்த வேலைதான் கவனிக்க வேண்டியது. ஒரு தாளின் நார் நெடுக்கே என்றால் அடுத்ததின் நார் குறுக்கே. அதன்மேல் மறுபடி நெடுக்கே. பசை தடவி, சூட்டில் அழுத்தினால் தாள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், எந்தப் பக்கமும் வளைய விடாது, பிளக்காது. படாக் தன் கேம்பியத்தில் சில ஆண்டுக்கு ஒரு முறை பக்கம் மாறிச் செய்ததும் இதுவேதான். ஆலை தொண்ணூறு பாகை திருப்பியது, மரம் சில பாகை. ஆலைக்குப் பசை வேண்டியிருந்தது, மரத்துக்கு வேண்டியிருக்கவில்லை. சாத்தத்திலிருந்து பட்டை ரேகை போட்ட பலகையும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து ப்ளைவுட்டும் வெளியே போய்க்கொண்டிருந்த காலத்தில், இரண்டும் ஒரே சூத்திரத்தின் பிள்ளைகள் என்பதை யாராவது சொல்லிக்கொண்டார்களா தெரியாது. கிடார் கழுத்து செய்பவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

படாக்குக்கு ஊர் தாண்டிப் பெயர் வந்தது கிடாரால் அல்ல. அமெரிக்காவில் அதற்கு வெர்மிலியன், அதாவது குங்குமச் சிவப்பு என்று வியாபாரப் பெயர் வைத்து, புல்மன் கம்பெனியின் ரயில் பெட்டிகளுக்குள் சுவர்ப் பலகையாக்கினார்கள். பெரிய படாக்கின் அடித்தண்டில் சுவர்போல் எழும் பக்கவேர்களை அறுத்து ஒட்டே இல்லாத முழு மேசைப் பலகைகள் எடுத்தார்கள். பிறகு நம் அரசு ஊழியர்களின் காலம். அந்தமானில் பணி முடித்து ஊர் திரும்புகிறவர்கள் வன அனுமதிச் சீட்டோடு கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த படாக் கட்டிலும் சோபாவும் சென்னையிலும் கொல்கத்தாவிலும் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன.

இனி கழுத்து. ரேகை போட்ட கழுத்து என்ற ஆசையே கிடாருக்குச் சொந்தமில்லை, வயலினிடமிருந்து வந்தது. கிரெமோனாவின் வயலின் செய்பவர்கள் முதுகுக்கும் கழுத்துக்கும் சுருளுக்கும் பெரும்பாலும் புலிவரி மேப்பிளை எடுத்தார்கள். முதுகில் ஓடும் வரி கழுத்திலும் தொடர்ந்து சுருளில் போய் முடியும். அந்தக் கண் பழக்கம் பின்னால் கிடாருக்கு வந்தது. ஆனால் வயலின் கழுத்து குட்டையானது. கிடாரின் கழுத்து நீளம், கம்பி இரும்பு. நாரின் திசையில் மரம் விறைப்பாக இருக்கும். நாரைக் கொஞ்சம் சாய்த்தாலே விறைப்பு குறையும், நன்றாகச் சாய்த்தால் வேகமாகக் குறையும். வெயிலுக்கும் மழைக்கும் மரம் சுருங்கி விரியும்போது, ஒருபக்கச் சாய்வு உள்ள கட்டை முறுக்கிக்கொள்ளும். கழுத்து முன்னே வளைந்தால் திருத்த வழி உண்டு: கிப்சன் கம்பெனியின் தாடியஸ் மக்ஹ்யூ 1920-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கழுத்துக்குள் வைத்து, சாவியால் திருகி இழுக்கலாம். கழுத்து முறுக்கிக்கொண்டால் அந்தக் கம்பியாலும் ஒன்றும் செய்ய முடியாது. பழைய பட்டறைகளில் கழுத்துக்கு நேர் நார் மகாகனிதான் என்று பிடிவாதமாக இருந்ததற்கு இதுதான் காரணம். புலிவரி அழகாக இருக்கிறதே என்று கேட்டால், முதுகுக்குப் போடு என்பார்கள்.

படாக் போன்ற எதிர்முறுக்கு மரம் நேர் நாருக்கும் ஒருபக்கச் சாய்வுக்கும் நடுவே நிற்கிறது. இடச்சாய்வின் இழுப்பை வலச்சாய்வு சரிக்கட்டும் என்பதால், முழு மரத்தில் அது நிதானமானது. காய்ந்த பிறகு சுருங்குவதும் மிகக் குறைவு. ஆனால் ஒரு கழுத்தின் அகலம் மேல்முனையில் நாலரை சென்டிமீட்டருக்குள்தான். அந்த அகலத்துக்குள் பட்டைகள் பல விழுந்தால் கணக்கு சமமாகும். ஒரே அகலப் பட்டை முழுக் கழுத்தையும் எடுத்துக்கொண்டால், எதிரே சரிக்கட்ட ஆள் இல்லை, அது வெறும் ஒருபக்க முறுக்கு மரம். ஆகவே அனுபவசாலிகள் அழகான அகலப் பட்டையைவிட நெருங்கிய குறும்பட்டைகளைத் தேடுவார்கள். அதுவும் கிடைக்காதபோது கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து அறுத்து, ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்பி, நடுவில் வேறு மரத்தின் மெல்லிய சட்டம் வைத்து ஒட்டுவார்கள். மூன்று சட்டம், ஐந்து சட்டம் என்று கழுத்துகள் வருவது அழகுக்காக மட்டுமல்ல. ஒரு சட்டம் முறுக்கப் பார்த்தால் பக்கத்துச் சட்டம் விடாது. பாம்பூஃப்ளாட் ஆலையின் சூத்திரம் இங்கே மூன்றாவது முறையாக வருகிறது. இன்று மேற்கத்தியக் கிடார், பேஸ் கிடார்க் கழுத்துகளில் படாக் என்று சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் ஆப்பிரிக்கப் படாக், டெரோகார்பஸ் சோயாக்ஸி. அந்தமான் படாக் தீவை விட்டு வெளியே போவதே அரிதாகிவிட்டது.

ரேகை போட்ட கழுத்துக்காக இந்திய மரம் உலகம் சுற்றிய பெரிய கதை ஒன்று உண்டு என்றால் அது படாக்கின் உடன்பிறப்பான செம்மரத்தின் கதை. ஜப்பானின் ஷாமிசென் மூன்று கம்பி வாத்தியம். அதன் நீண்ட கழுத்துக்கு மூன்று தர மரங்கள் உண்டு. பயிற்சி வாத்தியத்துக்குக் கரின் எனப்படும் படாக் வகை, அதற்கு மேல் ஷிதான், எல்லாவற்றுக்கும் மேல் கோகி. கோகி என்பது நம் செம்மரம். அதிலும் அலை விழுந்த செம்மரமே உச்சம். கழுத்தைத் திருப்பினால் அலை ஓடுவதை டோச்சி என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். நம் வீணையை நினைத்துப் பார்த்தால் இதன் காரணம் புரியும். வீணையின் தண்டி மேல் மெழுகு, மெழுகின் மேல் 24 மெட்டு. பலா மரத்தின் முகம் அங்கே மூடிவிடுகிறது, மிச்சத்தைப் பாலிஷும் சித்திர வேலையும் மூடுகின்றன. நம் வீணைப் பட்டறைகள் நாதத்துக்கு மரம் பார்த்தன, ரேகைக்குப் பார்க்கவில்லை. ஷாமிசெனில் மெட்டு கிடையாது. விரலும் கம்பியும் நேராகக் கட்டைமேல் உராயும், தேயாத கட்டை வேண்டும். கட்டை முழுவதும் கண்ணுக்கும் தெரியும். தண்ணீரில் போட்டால் மூழ்குகிற செம்மரம் இரண்டுக்கும் பொருந்தியது.

செம்மரத்தில் அலை விழுவது மிகச் சில மரங்களில்தான். நிற்கிற மரத்தின் வெளித்தோற்றத்தை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்கிறபோது, ஒன்றுக்காகப் பல வெட்டுப்படும். 1995-இல் செம்மரம் அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. பிற்காலத்தில் கள்ளச்சந்தையை இழுத்தது ஷாமிசென் அல்ல, சீனத்து மேசை நாற்காலி ஆசை. வெட்டப் போனவர்கள் ஜவ்வாது மலையிலிருந்தும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலிருந்தும் போன கூலிக்காரர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் இறந்த 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்களே அதில் அதிகம். அவர்கள் யாரும் ஷாமிசெனைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மரத்துக்கு விலை ஏற்றி வைத்த அலைக்கும் அதைச் சுமந்தவர்களின் கூலிக்கும் எந்தக் கணக்கும் ஒட்டவில்லை.

அந்தமானில் இந்தக் கதை ரத்தம் சிந்தாமல் வேறு விதமாக முடிந்தது. காடுகள் தொடர்பான கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஷேகர் சிங் ஆணையத்தை அனுப்பிக் காடுகளைப் பார்க்கச் சொன்னது. அந்த அறிக்கையின் பேரில் 2002 மே 7 அன்று பிறந்த உத்தரவு, பழங்குடிக் காப்பகங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் வெட்டை நிறுத்தியது. மற்ற இடங்களில் தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் என்று சுருக்கியது. அந்த ஆண்டுகளை ஒட்டித் தீவின் பெரிய ப்ளைவுட் ஆலைகள் மூடின, பாம்பூஃப்ளாட் ஆலையும் அதில் ஒன்று. வேலை போன குடும்பங்களுக்கு அது எளிய காலமாக இருந்திருக்காது. ஆனாலும் இந்த உத்தரவைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது: ஒரே ஒரு தீவுக்கூட்டத்தில் மட்டும் வளரும் மரத்துக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. சாத்தம் ஆலை அடக்கமாக இன்னும் ஓடுகிறது. பக்கத்திலேயே வனத்துறை அருங்காட்சியகம். அங்கே படாக் சிற்பங்களையும் மேசைகளையும் பார்க்கலாம்.

கிடார் செய்கிற ஒருவருக்கு அந்தமான் படாக் வேண்டும் என்றால், சட்டத்துக்கு உட்பட்டு எளிதாகத் தேடக்கூடிய இடம் ஒன்று உண்டு. மேலே சொன்ன கட்டிலும் சோபாவும். இருபது முப்பது வருடம் வீட்டுக்குள் காய்ந்த மரம், இனி சுருங்குவது குறைவு. பழைய கட்டிலின் நெடுஞ்சட்டம் ஆறடிக்குக் குறையாது. கழுத்துக்கு வேண்டிய நீளம் தலையும் அடிக்குதிகாலும் சேர்த்து இரண்டேகால் அடி. ஒரு சட்டத்தில் இரண்டு கழுத்துக்கு மரம் தேறும், திருகு ஓட்டைகள் எங்கே விழுந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து. முதலில் பாலிஷைச் சுரண்டி, குறுக்குவெட்டு முனையைப் பார்க்க வேண்டும்: வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது ஆரவாக்கில் அறுத்த சட்டம், பட்டை ரேகை மேல்முகத்திலேயே இருக்கும். கோடுகள் முகத்துக்கு இணையாகக் கிடந்தால் பக்கவாட்டு முகத்தைப் பார்க்கலாம், ரேகை அங்கே ஒளிந்திருக்கும். சட்டத்தை நீளவாக்கில் அறுத்துக் கால் திருப்பு திருப்பி ஒட்டினால் மேலே வந்துவிடும். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துச் சாய்த்துப் பார்த்து, பட்டைகள் எத்தனை என்று எண்ணி, நெருக்கமானதை மட்டும் எடுக்க வேண்டும். இழைப்பது மட்டும் அன்றைக்குப் போலவேதான். பாதிப் பலகை எதிர்க்கும்.